அச்சின் கழுத்தில் இரண்டு எழுத்து

மச்சான் வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முடிவுக்கு முதலில் வந்தவர் மச்சானேதான்.

என் அக்காவைக் கட்டியவர் அவர். யுத்த காலத்தில் பரமத்தி வேலூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடிய பஸ் ஒன்றுக்கு டிரைவர். பெட்ரோல் கிடைக்காத நாட்கள். வண்டியின் முதுகில் ஓர் இரும்பு உலையைக் கட்டி, அடுப்புக்கரியைப் போட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட வண்டியையும் மச்சான் தன் சொந்த எருது போலத் தட்டிக் கொடுத்துத்தான் ஓட்டுவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்தவரில்லை.

ஒரு மாசி மாதத்தில் மாரியம்மன் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, வந்தது. முந்தின இரவு கூத்து. மச்சானுக்குக் கூத்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கோழி கூப்பிடும்வரை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முகம் கழுவி, நேராக முதல் டிரிப்புக்குப் போய்விட்டார். கூரைமேல் வெற்றிலைக் கூடைகள், உள்ளே வழக்கமான கூட்டம். பரமத்தி தாண்டி ஒரு சின்னப் பாலம். பாலத்தைக் கடந்து சற்று தூரம் போனதும் வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், கரையில் இறங்கி, அறுத்த சோளக்காட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. யாரும் சாகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வெற்றிலை வியாபாரிக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

இடது முன்சக்கரம் கழன்று காட்டுக்குள் தனியாகக் கிடந்தது. சக்கரம் செருகி நிற்கும் குட்டை அச்சு இரண்டாக உடைந்திருந்தது. பட்டறைக்காரர்கள் அதை ஸ்டப் ஆக்ஸில் என்பார்கள். கேள்வி இவ்வளவுதான்: அச்சு உடைந்ததால் வண்டி கவிழ்ந்ததா, வண்டி கவிழ்ந்ததால் அச்சு உடைந்ததா? முதலாவது என்றால் மச்சான் மேல் தப்பில்லை. இரண்டாவது என்றால் லைசென்ஸ் போய்விடும், கோர்ட்டுக்கும் போக வேண்டும், ஜெயிலும் உண்டு. முதலாளிக்கு நான்கு பஸ்கள். வண்டியில் பழுது என்று எழுதினால் நான்கையும் நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். "வண்டி கல்லாட்டம் இருந்துச்சுங்க. விடிய விடியக் கூத்துப் பாத்துட்டு வந்து கண்ணசந்துட்டான்," என்று அவர் போலீஸில் சொல்லிவிட்டார். கூத்தில் மச்சானைப் பார்க்காத ஆள் அந்த ஊரில் இல்லை. சாட்சிக்கா பஞ்சம்?

மோட்டார் இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து விசாரணை.

அக்கா எனக்குக் கார்டு போட்டாள். "நீ இரும்பு படித்தவன்தானே, வந்து பார்" என்று ஒரே வரி. கார்டின் மீதி இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. அக்கா எப்போதும் கார்டில் மூலை முடுக்கெல்லாம் எழுதுகிறவள்.

நான் அப்போது சேலத்தில் ஒரு இயந்திரப் பட்டறையின் சோதனை அறையில் வேலையில் இருந்தேன். வடக்கே போய் உலோகம் படித்துவிட்டு வந்திருந்தேன். நிக்கல், குரோமியம் போன்றவற்றைச் சிறிதளவு கலந்தால் எஃகு எப்படி மாறுகிறது, அதைச் சூடாக்கி எண்ணெயில் நனைத்தால் உள்ளே என்ன ஆகிறது, எவ்வளவு இழுத்தால் அறும், எத்தனை தடவை வளைத்தால் சோரும் என்பதுதான் என் படிப்பு. சொந்தக்காரர்களிடம் விளக்கிப் பார்த்தேன். "இரும்புல படிக்கறதுக்கு என்ன சாமி இருக்குது? காச்சறது, அடிக்கறது," என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இரும்புக்குள்ளே மணிமணியாக ஓர் உலகம் இருக்கிறது, பார்க்கக் கண் வேண்டும் என்று பெரிதாகப் பேசுவேன். முதல் வகுப்பில் தேறிய திமிர். இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஊருக்குப் போனபோது மச்சான் வாசலில் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"வாங்க மாப்ளே," என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். "பாலம் தாண்டுனது நெனப்பு இருக்குது. அப்பறம் சோளத்தட்டுதான் நெனப்பு இருக்குது. நடுவால என்ன ஆச்சுன்னு தெரியல. தூங்கித்தான் போயிட்டனாட்ட இருக்குது."

"மண்டையில அடிபட்டா நெனப்பு இருக்காதுங்க மச்சான்."

"இல்லீங்க மாப்ளே. முப்பது சனம் வண்டில. எனக்கே தெரியாம நான் தூங்கியிருக்கறேன்."

அக்கா என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டாள். "அன்னீலிருந்து படுக்கறதே இல்ல கண்ணு. கண்ணு சொருகுனா திடுக்குனு எந்திரிச்சு உக்காந்துக்கறாங்க. லைசென்சு போனாப் போவுது, தோட்டத்துல பாடுபட்டுக்கலாம். இவிங்க இப்பிடியே இருந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அவள் அழவில்லை, கையில் இருந்த கரண்டியை மட்டும் வைக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

உடைந்த அச்சின் இரண்டு துண்டுகளும் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு சாக்கின் மேல் கிடந்தன. ஹெட் கான்ஸ்டபிள் நல்ல மனிதர். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக விட்டார். கைக்கண்ணாடியை எடுத்து உடைந்த முகத்தைப் பார்த்த அந்தக் கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முகத்தில் இரண்டு நிறம். அடிப்பக்கத்திலிருந்து முக்கால் பங்கு பழுப்பேறி, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் வளைவளைவாகக் கோடுகள், குளம் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகளைப் போல. மிச்சக் கால் பங்கு மட்டும் சொரசொரப்பாக, அன்றைக்குத்தான் உடைந்த பளபளப்போடு.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார்.

ஒரே அடியில் உடைந்த எஃகு முகம் முழுக்க ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. எங்கோ ஒரு புள்ளியில் மயிரிழை விரிசலாகத் தொடங்கி, வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் இம்மி இம்மியாக நீண்டு, இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகி, மாதக்கணக்கில் உள்ளே நகர்ந்திருக்கிறது. கடைசியில் தாங்கிக்கொண்டிருந்தது கால் பங்குதான். பாலத்து மேட்டிலிருந்து இறங்கிய குலுக்கலில் அதுவும் போய்விட்டது. ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தாலும், பத்து நாள் தூங்கி எழுந்த ஆளே பிடித்திருந்தாலும், அந்த வண்டி சோளக்காட்டுக்குத்தான் போயிருக்கும்.

"தூக்கமில்லீங்க, இது பழைய விரிசலுங்க," என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிக்கொண்டே, அந்தப் புள்ளியைத் தேடினேன். வளைகோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் விரிசல் பிறந்த இடத்தில் கொண்டுபோய் விடும். போனேன். அச்சின் அடிப்பக்கம், தடிப்பான பாகத்திலிருந்து மெலியும் கழுத்து. அங்கே ஓர் எழுத்தின் பாதி இருந்தது. மற்றத் துண்டை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். மீதிப் பாதி அதில் இருந்தது. இரண்டு இங்கிலீஷ் எழுத்து, இரண்டாவது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். அது என் கை.

எங்கள் பக்கத்தில் பேர் வெட்டாத பாத்திரம் வீட்டில் இருக்காது. கல்யாணச் சீர் என்றால் குடத்திலிருந்து கரண்டிவரை பெண்ணின் பேர் இருக்கும். விருந்துக்கு இரவல் கொடுத்த அண்டா எந்த வீட்டுக்குப் போனாலும் பேரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். யுத்தம் வந்து வெளிநாட்டிலிருந்து ஸ்பேர் பாகங்கள் வருவது நின்றதும் பஸ் முதலாளிகளுக்குத் திருட்டுப் பயம் பிடித்துக்கொண்டது. வண்டியைப் பட்டறையில் விட்டால் நல்ல அச்சைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிடுகிறார்கள் என்று பேச்சு. முந்தின சித்திரையில் நான் படிப்பு முடித்து வந்திருந்தபோது மச்சான் கேட்டார். "நம்ம அச்சுக்கும் அண்டா குண்டாவுக்காட்டப் பேரு வெட்டிப்போட்டா என்னுங்க மாப்ளே?"

எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரால் நிக்கல் குரோமிய எஃகில் ஒரு கீறலும் போட முடியாது. என்னிடம் கல்லூரிப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கடினமான எழுத்து உளிகள் இருந்தன. மேலே வெட்டினால் அரம் போட்டுத் தேய்த்துவிடுவார்கள் என்று புத்திசாலித்தனமாக யோசித்து, சக்கரத்தைக் கழற்றி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, யார் கண்ணுக்கும் படாத கழுத்தின் அடியில் முதலாளியின் இரண்டு எழுத்தை ஓங்கி அடித்தேன். பக்கத்தில் மச்சான் அச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு வண்டி, எட்டு அச்சு. முதலாளி எனக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார்.

பித்தளைக் குடம் பேரைத் தாங்கும், அதை யாரும் தினமும் ஆயிரம் தடவை வளைப்பதில்லை. சாதா இரும்புகூட ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பலமான கலப்பு எஃகுக்குத்தான் கூரான வெட்டு ஆகாது. அதுவும் பருமன் மாறுகிற கழுத்தில், வண்டியின் பாரமெல்லாம் இழுக்கிற அடிப்பக்கத்தில் ஆகவே ஆகாது. இதைக் கடைசி வருஷப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி, படமும் போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். எழுதி ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதே கையால் உளியைப் பிடித்தேன். ஒரு விநாடிகூட எனக்கு உறைக்கவில்லை. என் மனத்தில் பரீட்சை வேறு, மச்சானின் பஸ் வேறு.

இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரு துண்டிலிருந்து மெல்லிய வில்லை ஒன்றை அறுத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்கிறேன், எஃகு மட்டமானதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். கசடு கலந்திருக்கலாம், சரியாகச் சூடு காட்டாமல் விட்டிருக்கலாம், செய்தவன் எங்கோ கடல் கடந்த தேசத்தில் இருக்கிறான், பழி அவனோடு போகட்டும். உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்தேன். சேலத்துக்கு வடக்கே கரட்டில் தோண்டுகிற வெள்ளைக்கல்லைச் சுட்டு, அரைத்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்தால் கிடைக்கும் மாவால் கடைசி மெருகு போட்டேன். முகம் தெரிகிற அளவு பளபளப்பானதும் சாராயத்தில் சில துளி அமிலம் கலந்து தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

அப்படி ஒரு நல்ல எஃகை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை. சலித்த கேழ்வரகு மாவு போல ஒரே சீரான நுண்மை. கசடில்லை, ஓட்டையில்லை. செய்தவன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓரத்தில், உளி அமுங்கிய பள்ளத்தின் கூரான அடியிலிருந்து இன்னொரு குட்டி விரிசல் கறுப்பு நூலாக உள்ளே இறங்கியிருந்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கண்ணை எடுத்துவிட்டு ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விசாரணைக்கு முன் பத்து நாள் இருந்தது. அறிக்கையில் "எழுத்து வெட்டப்பட்ட இடத்திலிருந்து விரிசல் தொடங்கியிருக்கிறது" என்று எழுதினேன். வெட்டியது யார் என்று எழுதவில்லை. பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டறையில் பேர் கெட்டுவிடும், உலோகம் படித்தவன் அச்சை உடைத்தான் என்று சேலம் முழுக்கச் சிரிப்பார்கள் என்று பயம்.

நாமக்கல்லில் பிரயாணிகள் பங்களாவின் வராந்தாவில் விசாரணை நடந்தது. காலை பத்து மணி இருக்கும். இன்ஸ்பெக்டர் மெலிந்த, கடுகடுத்த மனிதர். என் அறிக்கையை இரண்டு முறை படித்தார். துண்டுகளை வாங்கிக் கைக்கண்ணாடியில் பார்த்தார். வழவழப்பையும் சொரசொரப்பையும் நான் விளக்கியபோது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"சரி, விரிசல் பழையது. ஒத்துக்கொள்கிறேன்," என்றார். "இந்த எழுத்தை வெட்டியது யார்?"

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "நாந்தாங்க வெட்டச் சொன்னேன். எம்மேலதாங்க தப்பு," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த மனிதர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று புரிந்ததும், பத்து நாளாகக் கட்டி வைத்திருந்த சமாதானமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வெட்டினது நானுங்க," என்றேன். "அவருக்கு எஃகைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். அந்த எடத்துல வெட்டக் கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இதில்தான் பட்டம் வாங்கியிருக்கிறாய்?"

"ஆமாங்க."

"எந்த வகுப்பு?"

"முதல் வகுப்புங்க."

முதலாளி இருமினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் எத்தனை அச்சில் இப்படிக் கைவரிசை காட்டியிருக்கிறாய்?" என்று கேட்டார். ஏழு என்றேன். அவர் சட்டென்று முதலாளியிடம் திரும்பி, மற்ற மூன்று வண்டிகளையும் எங்கே இருந்தாலும் நிறுத்தி ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்து, மச்சானின் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மச்சான் அதை எடுக்கவில்லை. அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அப்போ நான் கண்ணசரலீங்களா மாப்ளே?" என்று கேட்டார்.

"இல்லீங்க மச்சான்."

"நல்லாப் பாத்துத்தான சொல்றீங்க?"

"முழிச்சுத்தான் இருந்தீங்க. முழிச்சிருந்ததாலதான் பாலத்துலிருந்து உருளாம காட்டுப் பக்கம் எறங்குச்சு."

பின்பாதி என் சொந்தச் சரக்கு. அதற்கு எஃகில் சாட்சி எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொன்னதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மச்சான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் காகிதங்களை அடுக்குவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ஷெட்டில், கவிழ்ந்த வண்டியின் வலப்பக்கத்து அச்சையும் சேர்த்து, ஏழு அச்சுகளையும் கழற்றினோம். சீமெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, சுத்தியலால் தட்ட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைமேல் கோடு போடும். சுண்ணாம்பை மச்சானே பூசினார். ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆறு அச்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏழாவதில், எழுத்துக்குக் கீழே, நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு மஞ்சள் கோடு மெதுவாக ஊறி வந்தது. அது விசாரணை நடந்த அன்று காலை திருச்செங்கோட்டிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வண்டி. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தால் இல்லை. வந்து சேர்ந்துவிட்டார்களே என்ற நிம்மதி அப்படி உலுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலாளி அந்த அச்சைத் தொட்டுப் பார்த்து, ஒதுக்கி வைத்தார். மற்ற ஆறிலும் எழுத்துகளை அரத்தால் ராவி, கழுத்தை வழவழப்பாக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

அதெல்லாம் பிறகு. விசாரணை முடிந்த அன்று பிற்பகல் வேறொரு கம்பெனி பஸ்ஸில் நானும் மச்சானும் பரமத்தி வேலூருக்குத் திரும்பினோம். அக்காவுக்குச் சொல்ல வேண்டுமே என்று எனக்கு அவசரம். அவளிடம் என் பங்கை எப்படிச் சொல்வது என்ற பயம் வேறு. மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாமக்கல் தாண்டும் முன்பே அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தது, கூடைகள் சரிந்தன, கரிப்புகை உள்ளே வந்தது. அவர் எதற்கும் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, சின்னக் குறட்டைகூட வந்தது. என் கை மரத்துப்போனது, நகர்த்தவில்லை.

அந்தப் பாலம் வந்தபோது கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். மச்சானை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏனுங்க, டிரைவரு தூங்கறாருங்களாட்ட இருக்குது," என்றார்.

"தூங்கட்டும் உடுங்க," என்றேன்.